பாட்டுக்கு எந்தப் பிரிவு?

2025 டிசம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு திருவனந்தபுரம் சைபர் போலீஸார் ஒரு பாட்டின் மீது வழக்குப் பதிந்தார்கள். தமிழர்களுக்கு அதன் மெட்டைச் சொன்னாலே போதும். கே. வீரமணி பாடி, கார்த்திகை பிறந்தால் தெருவெல்லாம் ஒலிக்கும் 'பள்ளிக்கட்டு சபரிமலைக்கு' பாட்டின் மெட்டு அது. அந்த மெட்டில் மலையாளச் சொற்களை ஏற்றி, சபரிமலைத் துவாரபாலகர் சிலைகளின் தங்கம் களவு போன விவகாரத்தைக் கிண்டலடித்திருந்தார்கள். தேர்தல் நேரம் என்பதால் பாட்டு காட்டுத்தீயாகப் பரவியது. பக்தர்களின் மனம் புண்பட்டுவிட்டது என்று புகார் போனது. எழுதியவர், பாடியவர், வெளியிட்டவர் என்று வரிசையாகப் பெயர்கள் எஃப்.ஐ.ஆரில் ஏறின. மத உணர்வைப் புண்படுத்துவதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-வது பிரிவும் அதில் இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே அரசு பின்வாங்கியது. மேல்நடவடிக்கை வேண்டாம் என்று முடிவானது. வழக்கு அடங்கினாலும் கேள்வி அடங்கவில்லை. அந்தப் பாட்டில் எந்த வரி குற்றம்? சாமியைத் திட்டிய வரி எது? கோயில் தங்கத்தைத் திருடியவர்களைப் பழித்தால் கோயிலைப் பழித்ததாகுமா? வழக்கு எண் போடுவதற்கு முன்னால் காவல் நிலையத்தில் யாராவது ஒருவர் அந்தப் பாட்டை வரி வரியாகப் படித்து இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால், எஃப்.ஐ.ஆர். பிறந்தே இருக்காது.

பாட்டைச் சட்டக்கண் கொண்டு படிப்பது ஒரு பயிற்சி. அதற்கு ஒரு விளையாட்டு வடிவமும் உண்டு. ஒரு சினிமாப் பாட்டை எடுத்துக்கொண்டு, அதில் வரும் காதலன் மீது எந்தெந்தப் பிரிவில் வழக்குப் போடலாம், வக்கீல் என்ன சொல்லி ஜாமீன் கேட்பார் என்று வாதாடிப் பார்ப்பது. அமெரிக்காவில் இந்த விளையாட்டு ஆய்விதழ் வரைக்கும் போயிருக்கிறது. 2012-இல் கேலப் மேசன் என்ற சட்டப் பேராசிரியர், ராப் பாடகர் ஜே-ஸி 2003-இல் வெளியிட்ட '99 பிராப்ளம்ஸ்' பாட்டின் இரண்டாவது சரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி உரை எழுதி செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகச் சட்ட இதழில் வெளியிட்டார். காரை மறிக்கும் போலீஸ்காரருக்கும் ஓட்டுநருக்கும் நடக்கும் பேச்சுதான் அந்தச் சரணம். கார் டிக்கி பூட்டியிருக்கிறது, திறக்க வாரண்ட் வேண்டும் என்று பாட்டில் வரும் ஆள் வாதாடுகிறான். இதை நம்பிக்கொண்டு யாரும் சாலையில் போலீஸோடு மல்லுக்கட்ட வேண்டாம், போதுமான முகாந்திரம் இருந்தால் அமெரிக்கச் சட்டப்படி காரைச் சோதனையிட வாரண்ட் தேவையில்லை என்று மேசன் பொறுமையாகத் திருத்துகிறார். படிக்கச் சிரிப்பாக இருக்கும். படித்து முடித்தால், ஒரு பருவம் முழுக்க வகுப்பில் உட்கார்ந்தாலும் பிடிபடாத சோதனைச் சட்டம் பிடிபட்டிருக்கும். நான் சொல்ல வருவது இதுதான்: பாட்டைச் சட்டத்தோடு வைத்துச் சிரித்துப் பழகியவர்தான் சட்டத்தைப் பாட்டின் மீது ஏவும்போது நிதானமாக இருப்பார். திருவனந்தபுரத்தில் அந்தப் பழக்கம் சட்டக் கல்லூரியிலிருந்து காவலர் பயிற்சி வரைக்கும் பாடமாக வேண்டும்.

நம் பாட்டுகளில் இதைச் செய்து பார்க்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் திரும்பத் திரும்ப நடக்கும் குற்றம் இதயத் திருட்டு. பார்த்த மாத்திரத்தில் அவள் அவன் இதயத்தைக் கவர்ந்துகொண்டு போய்விடுகிறாள். அவன் புகார் பாடுகிறான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவின்படி திருட்டு என்றால், அசையும் பொருளை, ஒருவர் வசத்திலிருந்து, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துப் போக வேண்டும். இதயம் அசைகிறது, அதில் தகராறு இல்லை. ஆனால் உயிருள்ள உடம்பின் உறுப்பு 'பொருள்' ஆகுமா? அடுத்து சம்மதம்: எடுத்துக்கொள் என்று பல்லவியிலேயே அவன் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும். அவளிடம் நேர்மையற்ற எண்ணம் இருந்ததா? பெரும்பாலான பாட்டுகளில் அவளுக்குச் சங்கதியே தெரியாது. இத்தனையும் தாண்டி குற்றம் நிரூபணமானாலும் புதிய சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் குற்றமாகவும் இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை மட்டும்தான். இதயத்துக்கு விலை போட முடியாதே என்று அவன் தரப்பில் வாதாடினால் அடுத்த சட்டம் வந்து நிற்கும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்பை விற்பது குற்றம். உயிரோடு இருப்பவர் தன் நெருங்கிய உறவல்லாதவருக்கு உறுப்பு கொடுக்க அங்கீகாரக் குழுவின் அனுமதி வேண்டும். உயிரோடு இருக்கும்போது இதயத்தைக் கொடுக்க எந்தக் குழுவும் அனுமதிக்காது. 2012-இல் 'மிருதசஞ்ஜீவனி' திட்டத்தைத் தொடங்கி, மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசை வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் மாநிலம் கேரளம். அங்கே போய் என் இதயம் உனக்குத்தான் என்று பாடுகிறவர் அந்த வரிசையின் விதிகளையும் அறிந்திருப்பது நல்லது.

நிலவு கொண்டுவருகிற வாக்குறுதி இன்னும் செழிப்பான பாடம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 56-வது பிரிவில், நடக்கவே முடியாத காரியத்தைச் செய்வதாகப் போடும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. காதலன் தப்பித்தான் என்று எண்ணினால் அதே பிரிவின் கடைசிப் பகுதி அவனைப் பிடித்துக்கொள்கிறது: நடக்காது என்று தனக்குத் தெரிந்திருந்தும், எதிராளிக்குத் தெரியாத நிலையில் வாக்குக் கொடுத்தவன் நஷ்டஈடு தர வேண்டும். மற்ற ஊர்களில் இது வேடிக்கையோடு போய்விடும். திருவனந்தபுரத்தில் கொஞ்சம் சிக்கல். 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா இந்த ஊர்க் கடற்கரை. 2023 ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ஐச் சுமந்து சென்ற ராக்கெட்டுக்கு விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் தாய்வீடு. நிலவுக்குப் போவது நடக்காத காரியம் என்று இந்த ஊர்க் காதலன் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. அதே சமயம், 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி நிலவின் எந்தப் பகுதியையும் எந்த நாடும் தனதாக்கிக்கொள்ள முடியாது. இந்தியாவும் அதில் ஒரு தரப்பு. போக முடியும், எழுதித் தர முடியாது. ஒப்பந்தத்தில் 'இயலாமை' என்பதற்கு இயற்கையால் இயலாதது, சட்டத்தால் இயலாதது என்று இரு வகை உண்டு. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வரும் அந்த வேறுபாட்டை இந்த ஒரு பாட்டு மறக்க விடாது.

கண்ணைப் பற்றிய பாட்டுக்கு வந்தால் சிரிப்பு சற்றுக் குறைகிறது, குறையத்தான் வேண்டும். 2016 ஆகஸ்டில் கேரளத்தின் அப்போதைய கலால் ஆணையர் ரிஷிராஜ் சிங் ஒரு கூட்டத்தில், ஒரு பெண்ணை 14 நொடி முறைத்துப் பார்த்தால் வழக்குப் போடலாம் என்று பேசினார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அந்த 14 இல்லை. மலையாளத் திரையில் ஒரு காதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள்ளேயே கதாநாயகன் அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவான். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்த கவலை மெய்யானது. நம் பாட்டுகளில் அவன் அவள் போகும் பஸ்ஸில் ஏறுகிறான், கல்லூரி வாசலில் நிற்கிறான், வேண்டாம் என்று முகம் திருப்பினாலும் பின்னாலேயே வருகிறான், கடைசியில் அவள் சிரிக்கிறாள். 78-வது பிரிவு பின்தொடர்தலுக்குச் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் அங்கே இருக்கின்றன: பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்ள முயல்வது. முதல் முறைக்கு மூன்று ஆண்டு வரை, அடுத்த முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. இதயத் திருட்டில் சட்டம் பாட்டின் மேல் ஒட்டவே இல்லை, அதனால் சிரித்தோம். இங்கே அச்சாகப் பொருந்துகிறது, அதனால் சிரிப்பு நிற்கிறது. எது ஒட்டுகிறது, எது ஒட்டவில்லை என்று வரிக்கு வரி பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் இந்தப் பயிற்சி.

அந்த ஒட்டாமைக்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பாட்டில் 'நான்' என்று பேசுகிறவர் எழுதியவரும் அல்ல, பாடியவரும் அல்ல. குற்றவியல் சட்டமோ பெயரும் விலாசமும் உள்ள ஓர் ஆளைத் தேடுகிறது. இரண்டாவது, பெரும்பாலான குற்றங்களுக்கு மனத்தில் எண்ணம் வேண்டும். எதுகைக்காகச் சொன்ன சொல்லில் அந்த எண்ணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது, இடமும் கேட்பவரும். சட்டம் பாட்டு என்ற சொல்லையே எழுதி வைத்திருக்கும் பிரிவு ஒன்று உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294, இப்போது 296. பொது இடத்திலோ அதன் அருகிலோ, பிறருக்கு எரிச்சல் உண்டாகும்படி ஆபாசப் பாட்டோ கதைப்பாட்டோ பாடுவது குற்றம், மூன்று மாதம் வரை சிறை. ஆபாசம் மட்டும் இருந்தால் போதாது, பொது இடம் வேண்டும், எரிச்சல் பட்ட ஒருவரும் வேண்டும். பாட்டை நேரடியாகத் தண்டிக்கும் இந்தப் பிரிவே வரிகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுத அனுமதிக்கவில்லை. அப்படியிருக்க, பாட்டைப் பெயர் சொல்லாத மற்றப் பிரிவுகளை வரிகளின் மேல் அப்பும்போது எவ்வளவு நிதானம் வேண்டும்!

உச்ச நீதிமன்றம் இந்த நிதானத்தைப் பல முறை சொல்லிக்கொடுத்திருக்கிறது. மத உணர்வுப் பிரிவு அன்றைக்கு 295-ஏ. 1957-இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் அந்தப் பிரிவு செல்லும் என்று ஏற்றுக்கொண்ட அரசியல் சாசன அமர்வே அதன் எல்லையையும் வரைந்தது: வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்த அவமதிப்பு மட்டும்தான் அதில் சேரும், தெரியாமலோ கவனமில்லாமலோ மனம் புண்பட்டது சேராது. அறுபது ஆண்டு கழித்து இந்த வரையறை ஒரு மலையாளப் பாட்டைக் காப்பாற்றியது. 'ஒரு அடார் லவ்' படத்தின் 'மாணிக்ய மலராய பூவி' பாட்டு 2018 பிப்ரவரியில் வெளியானதும், அதில் ஒரு பள்ளிமாணவி புருவத்தை உயர்த்திக் கண்ணடிக்கும் காட்சி நாடு முழுக்கப் பரவியது. உடனே ஐதராபாத் ஃபலக்நுமா காவல் நிலையத்தில் வழக்கு. பாட்டு பி.எம்.ஏ. ஜப்பார் 1978-இல் எழுதிய மாப்பிளப் பாட்டு. நபிகளும் கதீஜா அம்மையாரும் கொண்ட அன்பைப் போற்றுவது. மலபாரின் முஸ்லிம் வீடுகளில் பாடி வந்தது. நாற்பது ஆண்டு யாரையும் புண்படுத்தாத சொற்களுக்கு ஒரு கண்ணசைவு குற்றம் சேர்த்துவிடுமா? அன்றைய தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் கான்வில்கர், சந்திரசூட் அமர்வு முதலில் விசாரணைக்குத் தடை விதித்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-இல் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தது. தீய நோக்கம் எங்கே என்று கேட்டதும் வழக்கு கரைந்துவிட்டது.

2025 மார்ச் 28-இல் வந்த இம்ரான் பிரதாப்கடி தீர்ப்பு இன்னும் நேரடியானது. குஜராத்தின் ஜாம்நகரில் ஒரு வீடியோவின் பின்னணியில் ஓடிய உருதுக் கவிதைக்காக மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் மீது வழக்கு. நீதிபதிகள் அபய் ஓகாவும் உஜ்ஜல் புயானும் கவிதையை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டு படித்தார்கள். அதில் எந்த மதத்தைப் பற்றியும் பேச்சில்லை, அநீதியை அன்பால் எதிர்கொள்ளச் சொல்கிறது என்று கண்டார்கள். சொற்களின் விளைவை அளக்க எடுக்க வேண்டியது உறுதியான, தெளிவான மனம் கொண்டவரின் அளவுகோல். எதற்கெடுத்தாலும் ஆட்டம் காணும் மனத்தின் அளவுகோல் அல்ல என்றார்கள். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதியும் முன் 14 நாள் பூர்வாங்க விசாரணை நடத்தப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவு வழி விட்டிருக்கிறது. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் போலீஸார் அதைப் பயன்படுத்துவதே பொருத்தம் என்றும் சொன்னார்கள். 299-வது பிரிவின் தண்டனை மூன்று ஆண்டு வரை. இந்தத் தீர்ப்பு வந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில்தான் திருவனந்தபுரத்தில் அந்த நையாண்டிப் பாட்டுக்கு எஃப்.ஐ.ஆர். விழுந்தது. ஒரு பாட்டைப் படிக்க 14 நாள் தாராளம்.

கேரளத்துக்கு இந்த வாசிப்பு புதிதும் அல்ல. தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை என்பதற்காக 1985-இல் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 1986-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி செய்தது எளிய காரியம்: சட்டத்தை எடுத்துப் படித்தார். தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் தண்டிப்பது பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும். மரியாதையாக நின்று மௌனமாக இருப்பவரை அது தொடவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பலாம் என்று தீர்ப்பானது. திருவனந்தபுரத்தோடு தொடர்புள்ள இன்னொரு பாட்டுக்கும் இப்படி ஒரு வாசிப்பு நடந்தது. பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இந்த ஊர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டே 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தின் கடவுள் வாழ்த்துதான் தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து. அதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ அரசாணையோ இல்லை என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதே மாதம் தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து, அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையிட்டது. இரண்டுமே முறையான செயல்கள். இல்லாத சட்டத்தை இருப்பதாக நீதிமன்றம் பாவிக்கவில்லை. வேண்டும் என்று கருதிய அரசு வெளிப்படையாக ஆணை போட்டது.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகக் கனமானது பெண்கள் தரப்பிலிருந்து வருவது. பாட்டு வெறும் பாட்டு என்று விட்டுவிட்டால், கண்டபடி எழுதிப் பெண்களை இழிவுபடுத்துகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? 2015 டிசம்பரில் 'பீப்' பாட்டு வெளியானபோது கோவையில் ஜனநாயக மாதர் சங்கத்தினர் புகார் கொடுத்ததும் வழக்குப் பதிவானதும் நினைவிருக்கும். அந்தக் கோபம் நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் பாட்டைச் சட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லவில்லை. ஒரே பாட்டை மேடையில் பாடினால் ஒன்று; தம்பானூர் பஸ் நிலையத்தில் தனியே நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்துப் பாடினால் முற்றிலும் வேறு. இரண்டாவதற்கு 79-வது பிரிவு இருக்கிறது. பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு சொல்லும் சொல்லும் எழுப்பும் ஒலியும் அதில் அடங்கும். அங்கே ஆள் இருக்கிறார், எண்ணம் இருக்கிறது, பாதிக்கப்பட்டவரும் இருக்கிறார். வழக்கு உடனே பதிவாக வேண்டும். அது சினிமாப் பாட்டுத்தானே சார் என்று அவன் சொல்லும் சமாதானத்தை வெட்டி எறியத் தெரிந்த அதிகாரி வேண்டுமானால், இடமும் ஆளும் எண்ணமும் எப்படி வழக்கை மாற்றுகின்றன என்று படித்துப் பழகிய அதிகாரிதான் வேண்டும். பாட்டு பரப்பும் கெட்ட பழக்கத்தைத் திருத்துவது விமரிசனத்தின் வேலை. அந்த வேலையைப் பெண்கள் வெகுகாலமாகச் செய்து வருகிறார்கள், இன்னும் உரக்கச் செய்யவும் வேண்டும்.

அடுத்த மறுப்பு பக்தர்களுடையது. மாலை போட்டு, விரதம் இருந்து, கண்ணீர் மல்கப் பாடும் மெட்டை அரசியல் கிண்டலுக்கு எடுத்தால் மனம் நோகாதா? நோகலாம். அந்த நோவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மெட்டு எப்போதும் பயணப்பட்டுக்கொண்டேதான் இருக்கிறது. சினிமா மெட்டில் பக்திப் பாட்டுக் கட்டாத ஐயப்ப பஜனைக் குழு அபூர்வம். சினிமா ரசிகர் யாரும் அதற்காகக் காவல் நிலையம் போனதில்லை. நையாண்டி கேரளத்தின் வளமான மரபும்கூட. 18-ஆம் நூற்றாண்டில் குஞ்சன் நம்பியார் புராணக் கதையைத் துள்ளல் கலையில் சொல்லிக்கொண்டே அன்றைய அதிகாரிகளையும் பிரபுக்களையும் வெளுத்து வாங்கினார். அவரை ஆதரித்தது திருவிதாங்கூர் அரசவை. நம் காலத்தில் வி.டி. ராஜப்பன் நையாண்டிக் கதாப்பிரசங்கத்தால் கேரளம் முழுக்கச் சிரிக்க வைத்தார். 1972-இல் 'அச்சனும் பாப்பயும்' படத்துக்கு வயலார் ராமவர்மா எழுதிய ஒரு பாட்டு, மதங்களை மனிதனின் கைவேலையாகவே பார்த்தது. அதற்கு வழக்கு வரவில்லை, தேசிய விருது வந்தது. நம்பிக்கையின் அடிப்படையையே கேள்வி கேட்ட பாட்டை ஏற்றுக்கொண்ட மண்ணில், கோயில் சொத்து எங்கே போயிற்று என்று கேட்ட பாட்டு குற்றமாகிவிட்டது. தங்க விவகாரத்தை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் சிறப்புப் புலனாய்வுக் குழுவே விசாரித்து வந்தது. நீதிமன்றம் கேட்ட கேள்வியைப் பாட்டு கேட்டால் அதில் தீய நோக்கம் என்று எதைச் சொல்வது?

சட்டத்தை விளையாட்டாக்கினால் அதற்கு மரியாதை போய்விடும் என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். சிறுமலை வழக்கை அவர்கள் படிக்க வேண்டும். இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போய், துப்பாக்கிப் பயிற்சிக்காகப் பயணம் என்ற பொருளில் வேடிக்கையாகப் படத்தோடு ஒரு பதிவு போட்டார். வாடிப்பட்டி போலீஸார் அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயத்தம் செய்த பிரிவு வரைக்கும் போய்விட்டார்கள். 2021 டிசம்பரில் நீதிபதி சுவாமிநாதன் அந்த எஃப்.ஐ.ஆரை ரத்து செய்தார். ஒருவர் தனியாகச் சதி செய்ய முடியாது என்பது போன்ற அடிப்படைகளை நினைவூட்டி, நகைச்சுவை எழுத்தாளர் தீர்ப்பு எழுதியிருந்தால் சிரிப்பதையும் அரசியல் சாசனக் கடமைகளில் சேர்க்கச் சொல்லியிருப்பார் என்ற ரீதியில் எழுதினார். அந்தத் தீர்ப்பால் நீதிமன்றத்தின் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் 2008-இல் ஒரு மறுப்புத் தீர்ப்பில் பாப் டிலன் பாட்டைத் துணைக்கு அழைத்தார். முகநூலில் ராப் பாணியில் எழுதியது மிரட்டலாகுமா என்ற எலோனிஸ் வழக்கில், எமினெம் பாட்டு வரிகளை வாசித்துக் காட்டி, இதை எழுதியவரையும் உள்ளே போடலாமா என்ற கேள்வியை எழுப்பியவரும் அவரே. 2015-இல் அந்தத் தண்டனை ரத்தானது. எழுதியவரின் மனநிலையைப் பார்க்காமல் தண்டிக்க முடியாது என்றது நீதிமன்றம். கலிஃபோர்னியா 2022-இல் தனிச் சட்டமே இயற்றி, ராப் வரிகளைக் குற்றத்துக்குச் சாட்சியாக அவ்வளவு சுலபத்தில் கொண்டுவர முடியாதபடி வேலி போட்டது.

வழக்குத்தான் கைவிடப்பட்டதே, பிறகென்ன என்று கேட்பவர்களும் உண்டு. 2015 அக்டோபர் கடைசியில் நள்ளிரவு கடந்த நேரத்தில் திருச்சியில் வீட்டிலிருந்து கைது செய்யப்பட்ட மக்கள் பாடகர் கோவனுக்கு இந்தக் கேள்வியின் அபத்தம் தெரியும். டாஸ்மாக் கடைகளை மூடச் சொன்ன பாட்டுகளுக்காக அவர் மீது தேசத்துரோகப் பிரிவு பாய்ந்தது. ஜாமீனில் வந்துவிட்டார் என்பது சிறையில் கழித்த நாள்களுக்கு ஈடாகாது. கேரளமும் இதில் கைசுத்தம் என்று சொல்ல முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்தபோது, கூடவே விழுந்தது கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி). பேச்சாலோ தொலைபேசி அழைப்பாலோ பின்தொடர்வதாலோ யாருக்காவது எரிச்சல் மூட்டுவதைத் தண்டித்த அந்தப் பிரிவை வைத்துச் சினிமாக் காதலர்களில் பாதிப் பேரை உள்ளே தள்ளியிருக்கலாம். 2020 நவம்பரில் 118-ஏ என்ற பெயரில் அதைவிடக் கடுமையான அவசரச் சட்டம் வந்து, நாடெங்கும் கண்டனம் எழுந்து, சில நாள்களில் திரும்பப் போனது. திருச்சியில் ஆண்டது ஒரு கட்சி, ஜாம்நகரில் ஒரு கட்சி, திருவனந்தபுரத்தில் ஒரு கட்சி. பாட்டைக் கண்டதும் பிரிவு எண் தேடும் கை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஆட்சியை மாற்றி இதைத் தீர்க்க முடியாது என்கிறேன். புகாரை வாங்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் படிக்கும் பழக்கம் மாற வேண்டும்.

1875-இல் தொடங்கிய அரசு சட்டக் கல்லூரி பார்ட்டன் ஹில்லில் இருக்கிறது. 118(டி), 118-ஏ இரண்டும் புறப்பட்ட தலைமைச் செயலகமும் சட்டசபையும் இதே ஊரில். இந்த இடங்களில் இருப்பவர்களுக்கு ஒரு தேர்வுத்தாளைப் பரிந்துரைக்கிறேன். எல்லாருக்கும் தெரிந்த ஒரு காதல் பாட்டு, ஒரு பக்திப் பாட்டு, அதே மெட்டில் ஒரு தேர்தல் நையாண்டி. மூன்றையும் நிசாகந்தி அரங்க மேடையிலும், தம்பானூர் பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணை நோக்கியும், சாலை கடைத்தெருவில் பிரசார ஜீப்பிலும் பாடுவதாக வைத்துக்கொள்ளவும். ஒன்பது நிலைமைகளிலும் குற்றம் உண்டா, உண்டென்றால் எந்தப் பிரிவு, பாடுகிற 'நான்' யார், எண்ணத்துக்குச் சாட்சி எங்கே என்று எழுதுக. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். நேரம் 14 நாள்.